‘தை மாசத்துலேர்ந்து 6,500, இல்லேன்னா காலி பண்ணிடுங்க’ – கும்பகோணம் வாசகிக்கு ஒரு வக்கீலோட பதில்

கும்பகோணம் மாநகராட்சி எல்லைக்குள்ள, ஊரோட ஓரத்துல இருக்கிற ஒரு தெருவுலேர்ந்து ஒரு சகோதரி நாலு பக்கத்துக்கு எழுதியிருக்காங்க. பேரு, தெரு எதுவும் வேண்டாம்னு கேட்டிருக்காங்க, போடல. அவங்க சொன்னதை முதல்ல சுருக்கமா சொல்லிடுறேன்.

இவங்க கணவருக்கு பாத்திரப் பட்டறையில வேலை, மாசம் 14,000. இவங்க வீட்டுலயே தையல் மிஷின் வச்சு ஜாக்கெட், சுடிதார், ஃபால்ஸ் அடிக்கிறதுன்னு சராசரியா 7,000 பார்க்குறாங்க, கல்யாண மாசத்துல கூட வரும், மார்கழியில படுத்துடும். பொண்ணு ஒம்போதாவது, பையன் ஆறாவது. எட்டு வருஷமா ஒரே வீடு. மூணு குடித்தனம் வரிசையா இருக்கிற லைன் வீட்டுல நடுவுல ஒண்ணு, ஒரு ரூம், ஒரு அடுப்படி, பின்னாடி பொதுக் கொல்லை. வாடகை 4,500. கரண்டுக்கு சப் மீட்டர் பார்த்து யூனிட்டுக்கு 10 ரூபா தனி. அட்வான்ஸ் 30,000 ரொக்கமா குடுத்தாங்களாம், ரசீது இல்ல, அக்ரிமென்ட் இல்ல, மாசா மாசம் வாடகையும் கையிலதான் குடுக்குறாங்க. ஓனரா இருந்த பெரியவர் தவறிட்டாரு, இப்ப அவரு மகன் வந்து தை மாசத்துலேர்ந்து 6,500 குடுங்க, முடியாதுன்னா காலி பண்ணிடுங்க, எப்படியும் இடிச்சு மாடி கட்டப்போறேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

இப்ப இவங்க முன்னாடி ரெண்டு வழி வந்து நிக்குது. ஒண்ணு, ரெண்டு தெரு தள்ளி ஒரு வீடு 3,00,000 ரூபா ஒத்திக்கு வருது, மூணு வருஷம், வாடகை கிடையாது. சீட்டு எடுத்த பணம் 1,00,000 கையில இருக்கு, மிச்சம் ரெண்டு லட்சத்தை ரெண்டு வட்டிக்குப் புரட்டலாம்னு நினைக்கிறாங்க. அந்த வீட்டு மனை கோயிலோடது, ஓனர் அடிமனை வாடகை கட்டுறாரு. இன்னொண்ணு, நாலுவழிச் சாலை பக்கத்துல புதுசா கல்லு நட்டிருக்கிற ஒரு நகர்ல 800 சதுர அடி மனை, சதுர அடி 650. முன்பணம் 1,20,000, அப்புறம் மாசம் 7,000 வீதம் 60 மாசம், எல்லாம் கட்டி முடிச்சப்புறம் பத்திரம். முன்பணத்துக்கு இருக்கிற ஆறு பவுனையும் அடகு வச்சுடலாமான்னு கேக்குறாங்க. ‘வாடகை குடுத்தே எங்க காலம் போயிடுச்சு சார், சொந்தமா ஒரு அடி மண்ணாவது வேணும்’னு எழுதியிருக்கிற இடத்துல பேனா அழுத்தி, தாள் கிழிஞ்சிருக்கு.

சகோதரி, உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். சட்டம் கேட்டிருக்கீங்க, சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி கணக்கு. இங்க நிறைய பேர் சட்டம் தெரியாம ஏமாறுறதை விட கணக்குப் போடாம ஏமாறுறதுதான் அதிகம். எந்த வழியா இருந்தாலும் ரெண்டே ரெண்டு கேள்வி கேட்டுப் பாருங்க: மாசம் என் கையை விட்டு எவ்வளவு போகுது, அதுக்குப் பதிலா என் கையில என்ன காகிதம் வருது.

முதல்ல, இருக்கிற வீடு

உங்க முதல் நம்பிக்கையையே நான் கொஞ்சம் கலைக்கணும், கோவிச்சுக்காதீங்க. ‘எட்டு வருஷம் ஆயிடுச்சு, 12 வருஷம் ஆயிட்டா வீட்டு மேல நமக்கு உரிமை வந்துடும்னு சொல்றாங்களே, இன்னும் நாலு வருஷம் இழுத்துப் பிடிக்கலாமா’ன்னு கேட்டிருக்கீங்க. வராதும்மா. 12 வருஷக் கணக்கு என்பது ஓனருக்கு எதிரா, இது என் சொத்துன்னு வெளிப்படையா சொல்லிக்கிட்டு அனுபவிச்சவங்களுக்கு. நீங்க மாசா மாசம் வாடகை குடுக்குறீங்க, அதாவது மாசா மாசம் இது உங்க வீடுதான்னு ஓனர்கிட்ட ஒத்துக்கிறீங்க, 12 இல்ல 40 வருஷம் இருந்தாலும் வாடகைக்காரர் வாடகைக்காரர்தான்.

ரெண்டாவது, அக்ரிமென்ட் இல்லாததால அவரால நம்மள ஒண்ணும் பண்ண முடியாதுன்னு பக்கத்துக் குடித்தனக்காரர் சொன்னதா எழுதியிருக்கீங்க. நிலைமை தலைகீழ். பழைய 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்ப கிடையாது, 2017-ல நிறைவேத்தின புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22-லேர்ந்து நடைமுறையில இருக்கு. அதுல எழுத்துல ஒப்பந்தம் போடணும், அதை ரென்ட் அத்தாரிட்டிங்கிற அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும். ஒப்பந்தம் போடாம இருக்கிறதே காலி பண்ணச் சொல்றதுக்கு ஒரு காரணமா அந்தச் சட்டத்துல வருது, அதனால காகிதம் இல்லாதது உங்களுக்குக் கேடயம் இல்ல, உங்க பக்கத்துல இருக்கிற ஓட்டை. வருஷத்துக்கு அஞ்சு பர்சென்ட்டுக்கு மேல வாடகை ஏத்தக்கூடாதுன்னு சட்டம் இருக்காமேன்னும் கேட்டிருக்கீங்க, அப்படி ஒரு வரம்பு இந்தச் சட்டத்துல இல்ல, ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்கோ அதுதான் பேசும். இருபது ரூபா பத்திரத்துல 11 மாசத்துக்கு எழுதிக்கிட்டா பதிவே வேண்டாம்னு சொல்றதும் பழைய பழக்கம், எத்தனை மாசமா இருந்தாலும் ரென்ட் அத்தாரிட்டி பதிவு தனியா உண்டு.

இதையெல்லாம் படிச்சுட்டு பயந்துடாதீங்க, உங்க பக்கமும் பலம் இருக்கு. நாளைக்கே வந்து சாமானைத் தூக்கி வெளிய வைக்க அவருக்கு உரிமை கிடையாது. இடிச்சுக் கட்டணும்னாலும், தானே குடிவரணும்னாலும் அதை ரென்ட் கோர்ட்ல மனு போட்டு நிரூபிச்சு உத்தரவு வாங்கித்தான் காலி பண்ண வைக்கணும். நடுவுல கரண்டைப் பிடுங்குறது, தண்ணி மோட்டாரைப் பூட்டுறதுன்னு ஆரம்பிச்சா நீங்க நேரா ரென்ட் அத்தாரிட்டிகிட்ட போகலாம், உடனே திருப்பிக் குடுக்கச் சொல்லி உத்தரவு போட அவங்களுக்கு அதிகாரம் இருக்கு. துணை கலெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் ரென்ட் அத்தாரிட்டி, உங்க ஊர்ல சப் கலெக்டர் ஆபீஸ்ல போய் விசாரிங்க. கோபத்துல அவரு வாடகையை வாங்க மாட்டேன்னு சொன்னா, சரி மிச்சம்னு மட்டும் இருந்துடாதீங்க, ரெண்டு மாசப் பாக்கி நின்னா அதுவே உங்களை வெளியேத்த காரணம் ஆயிடும். தொடர்ந்து அனுப்பிக்கிட்டே இருங்க, அப்பவும் வாங்கலேன்னா ரென்ட் அத்தாரிட்டிகிட்ட கட்ட வழி இருக்கு.

அட்வான்ஸ் விஷயம்தான் எனக்கு ரொம்ப உறுத்துது. குடுத்த பெரியவர் இல்ல, ரசீது இல்ல, மகன் நாளைக்கு எனக்குத் தெரியாதுன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க? சண்டை வர்றதுக்கு முன்னாடி, இன்னைக்கே, வாட்ஸ்அப்ல மரியாதையா ஒரு மெசேஜ் போடுங்க. ‘அண்ணே, ஐயா இருக்கும்போது குடுத்த அட்வான்ஸ் 30,000 அப்படியே இருக்குல்ல, புது வாடகை பேசும்போது அதையும் சேர்த்து எழுதிக்கலாம்’னு. அவரு ‘ம்’னு ஒரு பதில் போட்டாக்கூட அது நாளைக்குப் பேசும். காலி பண்ணினா ஒரு மாசத்துக்குள்ள, பாக்கி பழுது ஏதாவது இருந்தா கழிச்சுக்கிட்டு, மிச்சத்தைத் திருப்பித் தரணும்னு சட்டம் சொல்லுது. அதே மாதிரி இந்த மாசத்துலேர்ந்து வாடகையை ஜிபேல அனுப்புங்க, ரசீது வேற தனியா கேக்க வேண்டியதில்ல.

6,500 அநியாயமா?

நேர்மையா சொல்லணும்னா, முழுசா அநியாயம்னு சொல்ல முடியல. நீங்களே மூணு தெரு தேடிப் பார்த்துட்டு இந்த அளவு வீட்டுக்கு 6,000, 7,000 சொல்றாங்கன்னு எழுதியிருக்கீங்க. பெரியவர் ரொம்ப வருஷம் ஏத்தாம விட்டது அவரோட நல்ல மனசு, அந்தப் பாக்கியை மகன் ஒரே தாண்டுல தாண்டப் பார்க்குறாரு, அதுதான் தப்பு. 4,500-லேர்ந்து 6,500 என்பது 44 சதவீதம், உங்க வீட்டுக்காரர் சம்பளம் அப்படி ஏறலையே.

ஆனா காலி பண்ணிட்டுப் போறதுக்கும் விலை இருக்கு. புது வீட்டுக்கு அட்வான்ஸ் 40,000, 50,000 கேப்பாங்க, புரோக்கருக்கு ஒரு மாச வாடகை, வண்டிக்கூலி. இதெல்லாம் ஒரு பக்கம், நீங்க எழுதாத ஒண்ணு இருக்கு: உங்க தையல் வருமானம் 7,000-மும் அந்தத் தெருவோட ஒட்டியிருக்கு. ஜாக்கெட் அளவு உங்க நோட்டுல இருக்கிறவங்க எல்லாரும் நடந்து வர்ற தூரத்துல இருக்கிறவங்க. நாலு கிலோமீட்டர் தள்ளி 5,000-த்துக்கு வீடு கிடைச்சு, தையல்ல 2,000 குறைஞ்சா அது 7,000 வாடகை வீடு. வாடகை குறைஞ்ச இடம் தேடிப் போறவங்க இதைத்தான் கணக்குல விட்டுடுறாங்க.

இப்ப பேரம் பேச ஒரு வழி சொல்றேன். கரண்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 90 யூனிட் ஓடுது, 900 ரூபா குடுக்குறேன்னு எழுதியிருக்கீங்க. வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் அரசாங்கம் இலவசமா குடுக்குது. மூணு குடித்தனமும் ஒரே சர்வீஸ்ல ஓடுறதால அந்த 100 யூனிட் மொத்தத்துக்கும் ஒரு தடவைதான் கிடைக்குது, மேல போகப்போக ஸ்லாப் ஏறி ரேட்டும் கூடுது, அந்தப் பாரம் உங்க மூணு பேர் தலையிலயும் யூனிட் 10 ரூபான்னு விழுது. தனி வாசல், தனி அடுப்படி இருக்கிற குடித்தனம், ஓனர் சம்மதிச்சு உங்க பகுதிக்குத் தனி சர்வீஸ் வாங்கினா உங்க 90 யூனிட்டுக்கு பில் வராது. அதாவது மாசம் 450 மிச்சம். அதனால அவருகிட்ட, ‘6,500 முடியாதுண்ணே, 5,500 தர்றேன், தனி சர்வீஸுக்கு கையெழுத்துப் போட்டுக் குடுங்க, மூணு வருஷத்துக்கு எழுதிக்கலாம், வருஷா வருஷம் 300 ஏத்திக்கலாம்’னு கேளுங்க. உங்களுக்கு உண்மையில கூடுறது 550 ரூபாதான். அவருக்கோ 1,000 ஏறுது, எட்டு வருஷமா ஒரு மாசம் பாக்கி வைக்காத குடித்தனமும் நிலைக்குது, அவருக்கும் அது சும்மா கிடைக்கிற விஷயம் இல்ல. 5,800 வரைக்கும் இறங்கி வந்தாலும் எழுத்துல வந்தா ஒத்துக்குங்க. இடிச்சுக் கட்டப்போறேன்னு அவரு சொன்னது மிரட்டலா நிஜமாங்கிறதும் மூணு வருஷம் எழுதித்தாங்கன்னு கேட்டாத்தான் தெரியும்.

ஒத்தி

நம்ம பக்கத்துல ஒத்தின்னா வாடகை இல்லாத வீடுன்னு நினைச்சுக்கிறோம். வாடகை இருக்கு, அது வட்டிங்கிற பேர்ல வேற ஆளுக்குப் போகுது, அவ்வளவுதான். ரெண்டு லட்சம் ரெண்டு வட்டின்னா மாசம் 4,000. உங்க சீட்டுப் பணம் ஒரு லட்சம் பேங்க்ல கிடந்தா மாசம் 500-க்குப் பக்கமா தரும், அதுவும் போச்சு. ரெண்டையும் கூட்டுங்க, 4,500. இப்ப குடுக்கிற அதே வாடகை. மூணு வருஷத்துல வட்டி மட்டும் 1,44,000 போயிருக்கும், அசல் ரெண்டு லட்சம் அப்படியே நிக்கும்.

இதுல நஷ்டம் இல்லையேன்னு தோணலாம். நஷ்டம் காகிதத்துல இருக்கு. குடியிருக்கக் குடுத்து ஒத்தி வாங்குறது சட்டப்படி ஒரு அடமானம், நூறு ரூபாய்க்கு மேல போனாலே சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல பதிவு பண்ணணும். ஆனா ஊர்ல பாதிக்கு மேல இருபது ரூபா பத்திரத்துல ரெண்டு சாட்சிக் கையெழுத்தோட முடிச்சுக்கிறாங்க. மயிலாடுதுறை பக்கத்துலேர்ந்து ஒரு குடும்பம் என்கிட்ட வந்தாங்க, இரண்டரை லட்சம் ஒத்தி, அதே மாதிரி பத்திரம். ஓனர் அந்த வீட்டை முன்னாடியே பேங்க்ல வச்சிருந்தாரு, கட்டல, பேங்க் வந்து வீட்டை எடுத்துக்கிட்டாங்க. அந்த அம்மா குடமும் அடுப்புமா தெருவுல நின்னதுதான் இன்னைக்கும் எனக்குக் கண்ணுக்குள்ள இருக்கு. பேங்க்கோட அடமானம் பதிவானது, இவங்களோடது இல்ல, நான் கேஸ் போட்டும் ஓனர் பேர்ல ஒரு டிக்ரி (கோர்ட் தீர்ப்பு) வாங்கிக் குடுக்க முடிஞ்சுது, பணம் வாங்கிக் குடுக்க முடியல.

உங்களுக்கு வந்திருக்கிற வீடு அதைவிடச் சிக்கல், ஏன்னா மனை கோயிலோடது. கும்பகோணத்துல, தஞ்சாவூர்ல, மாயவரத்துல கோயில் மனையில, மடத்து மனையில தலைமுறையா குடியிருக்கிறவங்க ஆயிரக்கணக்குல இருக்காங்க, அவங்களைக் குறை சொல்லல, அவங்க பாடு தனி. ஆனா அங்க கட்டடம்தான் ஓனரோடது, தரை இல்ல. அறநிலையத்துறைச் சட்டம் 34-வது பிரிவுப்படி கமிஷனர் அனுமதி இல்லாம கோயில் நிலத்தை விக்கிறது, அடமானம் வைக்கிறது, அஞ்சு வருஷத்துக்கு மேல குத்தகைக்கு விடுறது எதுவும் செல்லாது. கோயில் நிலத்து மேல கால வரம்புச் சட்டமும் ஓடாது, எத்தனை தலைமுறை ஆனாலும் கோயில் திருப்பிக் கேக்கலாம். அடிமனை வாடகையை மூணு வருஷத்துக்கு ஒருதரம் திருத்தி நியாய வாடகை நிர்ணயிப்பாங்க, அந்த உயர்வைக் கட்ட முடியாம வருஷக்கணக்கா பாக்கி நிக்கிற வீடுகள் நிறைய. உங்க ஓனரும் பாக்கி வச்சிருந்து, கோயில் நடவடிக்கை எடுத்தா, உள்ள குடியிருக்கிறது நீங்க. ‘அடிமனை ரசீது வச்சிருக்காரு, பிரச்னை இல்ல’ன்னு சொல்றாங்களாம். அந்த ரசீது அவரு வாடகைக்காரர்ங்கிறதுக்குத்தான் சாட்சி. வாடகைக்காரர்கிட்ட மூணு லட்சம் குடுத்துட்டு எந்த ரிஜிஸ்ட்ரார்கிட்டயும் பதிவு பண்ண முடியாத ஒரு பத்திரத்தை வாங்கிக்கிறதுக்கு ரெண்டு வட்டி கட்டப்போறீங்களா? இது வேண்டாம்மா.

நாலுவழிச் சாலை பக்கத்து மனை

மனசு எங்க இருக்குன்னு லெட்டர்லயே தெரியுது, அதனால இதை மட்டும் நிதானமா படிங்க. வாடகை 6,500, மனைத் தவணை 7,000, ஆறு பவுன் மேல 1,20,000 வாங்கினா ஒரு வட்டின்னு வச்சாலும் 1,200. மாசம் 14,700. உங்க ரெண்டு பேர் வருமானம் 21,000. மிச்சம் 6,300-ல நாலு பேர் சாப்பாடு, கேஸ், பஸ், பள்ளிக்கூடம், ஜுரம் எல்லாம், அதுவும் 60 மாசத்துக்கு. மார்கழியில தையல் படுத்துடும்னு நீங்களே சொன்னீங்க. ஒரு மூணு தவணை விட்டா கட்டின பணத்துக்கு என்ன கதின்னு அவங்க குடுத்த நோட்டீஸ்ல எங்கயாவது எழுதியிருக்கா? நீங்க அனுப்பின போட்டோவுல நான் தேடினேன், இல்ல.

கட்டி முடிச்சாலும் கையில வர்றது மனைப் பத்திரம் இல்ல. ‘நிலம் இன்னும் நஞ்சையாதான் இருக்கு, அதனால பிரிபடாத பாகமா எழுதித் தருவோம்’னு சொன்னாங்கன்னு எழுதியிருக்கீங்க, ரொம்ப நல்லதாப் போச்சு, நீங்க அந்த வார்த்தையை அப்படியே எழுதினது. 2016-ல ஹைகோர்ட் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக்கூடாதுன்னு தடை போட்டுது, அதுக்கப்புறம் அந்த வருஷம் அக்டோபர் 20-க்கு முன்னாடி உருவான மனைப்பிரிவுகளை வரன்முறை பண்ண 2017-ல விதி வந்துது. நேத்து கல்லு நட்ட நகருக்கு அந்த வழியே கிடையாது. மனைன்னு பதிய முடியாததாலதான் வயலாவே காட்டி, மொத்த ஏக்கர்ல இத்தனை பாகம் உங்களுதுன்னு எழுதுறாங்க. அதுல உங்க 800 சதுர அடி எந்த மூலைன்னு பத்திரத்துல இருக்காது, தனிப் பட்டா வராது, வீடு கட்ட பிளான் அப்ரூவல் கிடைக்காது, பேங்க் லோனும் குடுக்காது.

‘டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆயிடுச்சு, இனிமே புது மனையே வராது, இப்ப விட்டா போச்சு’ன்னு புரோக்கர் அவசரப்படுத்துறாராம். அந்த 2020-ஆம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது எண்ணெய், எரிவாயு எடுக்கிற வேலை, தோல் தொழிற்சாலை, உருக்காலை மாதிரி தொழில்களை. வீட்டு மனையைத் தடுக்கிற பட்டியல் அதுல இல்ல. வயலை மனையாக்கக் கட்டுப்பாடு இருக்கிறது நகர் ஊரமைப்புச் சட்டத்துல. டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதியோட மனை வரத்தான் செய்யும், வந்துக்கிட்டும் இருக்கு, அதனால இந்த வருஷம் விட்டா உலகமே முடிஞ்சுதுன்னு இல்ல. மனைப்பிரிவு மொத்தம் 500 சதுர மீட்டருக்கு மேல இருந்தா ரெராவுல (மனை, வீடு விக்கிறவங்களைக் கண்காணிக்கிற ஆணையத்துல) பதிவு பண்ணணும், பத்து சதவீதத்துக்கு மேல பணம் வாங்கணும்னா முதல்ல அக்ரிமென்டைப் பதிவு பண்ணணும். உங்க மனை விலை 5,20,000, பத்து சதவீதம்னா 52,000. இவங்க ஒரு துண்டுச் சீட்டுல 1,20,000 கேக்குறாங்க.

இன்னொரு நாளைக்கு, நல்ல மனை ஒண்ணு பார்க்கப் போனா, வெயில்ல போகாதீங்க, ஐப்பசி கார்த்திகையில அடைமழை பெஞ்ச மறுநாள் போங்க. நம்ம ஊர் வயல் ஒண்ணுக்கொண்ணு தண்ணி குடுத்து வாங்குற மாதிரி அமைஞ்சது, நடுவுல இருந்த வடிகால் வாய்க்காலை மூடி ரோடு போட்டிருப்பாங்க, அந்தத் தண்ணி போக இடமில்லாம மனையிலதான் நிக்கும். களிமண் வேற, மழையில உப்பி வெயில்ல வெடிக்கும், மேடாக்குறதுக்கும் அஸ்திவாரத்துக்கும் மேட்டுப் பூமியைவிட நிறைய இழுக்கும். எஃப்எம்பிங்கிற புல அளவை வரைபடத்துல வாய்க்கால் எங்க ஓடுதுன்னு பாருங்க, 30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்க, அந்த வயல்ல பதிவு பெற்ற குத்தகைதாரர் யாராவது இருக்காங்களான்னு தாசில்தார் ஆபீஸ்ல கேளுங்க. உங்க பேர்லயே வாங்குங்க, 2025 ஏப்ரல்லேர்ந்து 10 லட்சம் வரைக்கும் மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பேர்ல பதிஞ்சா பதிவுக் கட்டணத்துல ஒரு சதவீதம் குறைச்சிருக்காங்க.

நீங்க ஒரே வரியில சொல்லிட்டுப் போன விஷயம்

கடைசிப் பக்கத்துல, ‘மாமியார் மட்டும் பாபநாசம் பக்கம் ஊர்ல பழைய கூரை வீட்டுல தனியா இருக்காங்க, ஒம்போது குழி மனை, மாமனார் பேர்ல பட்டா, செவுரு சாஞ்சு கிடக்கு, அது எதுக்கும் ஆகாது’ன்னு எழுதிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிட்டீங்க. எனக்கு அங்கதான் கண்ணு நின்னுது. ஒம்போது குழின்னா குழிக்கு 144 சதுர அடி, 1,296 சதுர அடி. கைக்காசு 5,40,000 குடுத்து, பத்திரம்கூட ஒழுங்கா வராத 800 சதுர அடியைத் தேடிப் போறீங்க, பட்டா உள்ள 1,296 சதுர அடி ‘எதுக்கும் ஆகாது’ன்னு கிடக்கு.

அது முழுசா உங்களுது ஆகாதுங்கிறதையும் சொல்லிடணும். மாமனார் உயில் எழுதாம தவறினாரு, அது அவரு சம்பாதிச்ச மனைன்னா மாமியார், உங்க வீட்டுக்காரர், கொழுந்தனார், நாத்தனார் நாலு பேருக்கும் சமபங்கு. ‘நாத்தனார் கட்டிக்கொடுத்துப் போயிட்டாங்க, அவங்களுக்குப் பங்கு இல்ல’ன்னு எழுதியிருக்கீங்களே, அது சரியில்ல. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துலேர்ந்தே அப்பா சொந்தமா சம்பாதிச்ச சொத்துல மகளுக்கும் பங்கு உண்டு, கல்யாணம் ஆனா போயிடாது. அவங்களை ஒதுக்கிட்டு ஏதாவது எழுதினா பின்னாடி அதுவே கேஸா நிக்கும். கொழுந்தனார் திருப்பூர்லயே வீடு கட்டிட்டாருன்னு சொல்றீங்க, அவரும் நாத்தனாரும் மனசார விட்டுக்குடுத்தா விடுதலைப் பத்திரம் எழுதலாம், குடும்பத்துக்குள்ள எழுதுறதுக்கு முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம்தான். நாத்தனாருக்கு ஏதாவது செய்யணும்னா உங்க சீட்டுப் பணத்துலேர்ந்து செய்யுங்க, அது ரெண்டு வட்டிக்குப் போறதைவிட ஆயிரம் மடங்கு நல்லது.

மாமியார் கூரை வீட்டுல இருக்கிறதால கலைஞரின் கனவு இல்லம் திட்டத்துக்கு ஊராட்சியில மனு குடுத்துப் பாருங்க. கிராமத்துல குடிசையில இருக்கிற, சொந்தப் பட்டா உள்ளவங்களுக்கான திட்டம், 360 சதுர அடி வீடு, ஒரு வீட்டுக்கு 3,50,000 கணக்கு. கிடைச்சே தீரும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன், பட்டியல்ல பேர் வரணும், அலையணும். ஆனா பட்டா மாமனார் பேர்லயே கிடந்தா கேக்கவே முடியாது, அதனால முதல் வேலை வாரிசு சான்று, அப்புறம் பட்டா மாறுதல். அந்த வேலைக்கு ஆகுற செலவு உங்க நகைக்கு ஒரு மாச வட்டியைத் தாண்டாது.

நாளைக்கே ஊருக்குக் குடிபோயிடுங்கன்னு நான் சொல்லல. பொண்ணு ஒம்போதாவது, பத்தாவது முடியுற வரைக்கும் அவளைக் கலைக்க வேண்டாம், உங்க தையலும் இங்கதான் ஓடுது. மூணு வருஷம் எழுத்துல வாடகை வீட்டை உறுதிப்படுத்திக்கிட்டு, அந்த மூணு வருஷத்துல அங்க காகிதத்தைச் சரிபண்ணி, செவுரை நிமித்துங்க. மனைக்குக் கட்டுறதா இருந்த 7,000-ல மாசம் 2,000 ஒதுக்க முடிஞ்சாக்கூட மூணு வருஷத்துல 72,000, கூட சீட்டுப் பணம், ஆறு பவுன் பீரோவுலயே இருக்கும். பாபநாசத்துலேர்ந்து பட்டறைக்கு தினம் பஸ்ல வர்றவங்க நிறைய பேர் இருக்காங்க, போறதா வேண்டாமான்னு அப்ப முடிவு பண்ணலாம்.

ஓனர்கிட்ட பேச உங்க வீட்டுக்காரர் தயங்குறாருன்னு எழுதியிருக்கீங்க. நீங்களே பேசுங்க, ரெண்டு பக்கத்துக் குடித்தனமும் கூட வந்தா இன்னும் நல்லது, சப் மீட்டர் பிரச்னை அவங்களுக்கும் இருக்கே. பேச்சு முத்திப்போய் நோட்டீஸ் ஏதாவது வந்தா வாங்க மறுக்காதீங்க, வாங்கிக்கிட்டு உங்க ஊர் கோர்ட் வளாகத்துல இருக்கிற வட்ட சட்டப்பணிகள் குழுவுக்கு எடுத்துட்டுப் போங்க. பெண்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் அங்க இலவசமா வக்கீல் வச்சுத் தருவாங்க, 15100-க்கு போன் பண்ணியும் கேக்கலாம். போகும்போது ஆதார், அட்வான்ஸ் பத்தின வாட்ஸ்அப் மெசேஜ், ஜிபேல வாடகை கட்டின ஸ்கிரீன்ஷாட், அப்புறம் மாமனார் பட்டாவோட ஒரு ஜெராக்ஸ், நாலையும் ஒரே கவர்ல போட்டு எடுத்துக்குங்க.